நீ கேட்ட ‘வரட்டே’

நயினை நாகபூசணி அம்மாள் துணை

நெடுந்தீவு மேற்கு,
ஆடி வெள்ளி.

அன்பு மகள் கஜானிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோழிகளும் இரண்டு ஆடுகளும் சுகம், கிணறு மட்டும் அவ்வளவு சுகமில்லை. அங்கே நீயும் நீ பார்க்கிற குதிரைகளும் கைகால் முறியாமல் சுகமாய் இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கு வெள்ளி அம்மாளுக்கு விளக்கு வைக்கிறேன். அயர்லாந்துக் குதிரைகளுக்கும் சேர்த்து நேர்த்தி வைக்கிறவள் இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். கிழமைக்கு இரண்டு தரம் போனில் கதைக்கிறோம், இப்போது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் எனக்குச் சொல்ல வராத ஒன்று இருக்கிறது பிள்ளை. வளவு வாசல் கடப்படியில் ஒற்றைக் காலைக் கல்வேலியில் ஊன்றிக்கொண்டு நின்றால்தான் இங்கே சிக்னல் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியாததில்லை, இந்தச் சோளகக் காற்றுக்குள் அப்படி நின்றுகொண்டு கத்திச் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை இது. கடலால் வந்த கையோடு என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற முன்வீட்டுச் சுதாகரன், எழுதித் தாங்கோ மாமி, நான் படமெடுத்து இப்பவே அக்காவுக்கு அனுப்பிவிடுறன் என்றான். வேண்டாம் தம்பி என்றுவிட்டேன். அவன் வாசித்தால் இறங்குதுறை வரைக்கும் வாசித்த மாதிரி. ஆவணி முடிவதற்குள் கிடைத்தால் போதும், தபாலில் ஆறுதலாக வரட்டும்.

ஏன் ஆவணி என்று உனக்குத் தெரியும். உன்னுடைய முதலாளி அம்மா உன்னைப் பந்தயத்தில் ஏறி ஓட விடப்போகிறா, அதற்கு இரண்டு வருடம் அந்த லாயத்தை விட்டு அசையக் கூடாது, ஓமோ இல்லையோ ஆவணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு நீ போனில் சொன்னாய். படிக்கப் போன இடத்தில் சனி ஞாயிறுகளில் சாணி அள்ளப் போனவளை ஏறி ஓடு என்று கேட்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அதை வாயால் சொன்னேனோ இல்லையோ ஞாபகமில்லை. அதற்குப் பிறகு லைனில் காற்றுத்தான் இரைந்தது. பிறகு வரட்டே அம்மா என்று கேட்டாய், நான் ஓம் பிள்ளை என்றேன், அதோடு லைன் அறுந்துவிட்டது. போனை வைக்கிறதுக்கு முன்னம் நாங்கள் எல்லாரும் கேட்கிற வரட்டேதான் அது என்று நினைத்துக்கொண்டு வந்து அடுப்பை மூட்டினேன். அரிசி கொதிக்கிற நேரத்தில்தான் யோசனை வந்தது, உன் குரல் அப்படி இருக்கவில்லையே, பிள்ளை உண்மையாகவே வீட்டுக்கு வரட்டோ என்று கேட்டுவிட்டாளோ, நான் ஓம் என்று சொல்லிவிட்டேனோ என்று. போகிறவள் வாறன் என்று சொல்லிவிட்டுப் போகிற ஊரில் பிறந்தால் இதுதான் கரைச்சல். அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் கதைத்துவிட்டோம், நீ மழையைப் பற்றிச் சொன்னாய், நான் வெயிலைப் பற்றிச் சொன்னேன், அதை நீயும் கேட்கவில்லை நானும் கேட்கவில்லை. இந்தக் கடிதம் அதற்குத்தான், ஆனால் என்னால் நேரே அதற்குப் போக ஏலாது, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுப் புதினம். என் மூத்தவன், உன் கொண்ணன் துஷ்யந்தன் போன மாதம் காரைநகரிலிருந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். மருமகள் நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை, என்னைக் குசினிக்குள் ஒரு வேலையும் தொட விடவில்லை, கதிரையில் இருத்தி வைத்துத் தேத்தண்ணீர் தந்தாள். இருந்து இருந்து எனக்கு இடுப்பு நொந்துவிட்டது. ஒரு கிழமைக்குள் கோழியைச் சாட்டாக வைத்துத் திரும்பி வந்துவிட்டேன். குறிகட்டுவானில் படகு ஏறும்போது அவனுக்கு முகம் கறுத்துப் போனது, அங்கை தனிய இருந்து என்னத்தைக் கண்டியள் அம்மா என்று கேட்டான். அப்பா போனதற்குப் பிறகு நீ இருந்தாய், நீ போனதற்குப் பிறகு நீ வளர்த்த குதிரை சுண்டு இருந்தாள். இப்போது கடப்படியில் போய் நின்றால் உன் குரல் இருக்கிறது, அதுவும் சிக்னல் இருந்தால்.

நீ அனுப்பின படமெல்லாம் பார்த்தேன். உன் குதிரைக்குப் போர்வை, தனி அறை, பல்லுப் பார்க்க வைத்தியர், நீந்தக் குளம். என் கடைவாய்ப் பல்லு ஆடத் தொடங்கி வருடம் ஒன்றாகிறது, யாழ்ப்பாணம் போய்ப் பிடுங்க எனக்குத்தான் நேரமில்லை, அடுத்த பிறப்பில் உன் லாயத்தில் வந்து பிறக்கலாம் போலிருக்கிறது. கையைக் கடிக்கிறதாமே அந்த மண்ணிறக் குதிரை, அதுக்குக் கிட்டப் போகும்போது கவனம். குளிருக்குள் தலையை ஈரத்தோடு விட்டுக்கொண்டு ஓடாதே. பாணை மட்டும் கடித்துக்கொண்டு திரியாமல் ஒரு நேரமாவது சோறு சமை. பனங்கிழங்கு காயவைத்து ஒடியல் மாவும் புழுக்கொடியலும் கட்டி வைத்திருக்கிறேன், ஊர்காவற்றுறையிலிருந்து ஆரோ லண்டனுக்குப் போகினமாம், அங்கிருந்து உனக்குத் தபாலில் போடச் சொல்லி அவர்களிடம் கொடுத்துவிடப் பார்க்கிறேன். கலியாணத்தைப் பற்றி இனிக் கடிதத்தில் எழுத மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன், ஆனபடியால் இந்த ஒரு வரியோடு விடுகிறேன்.

இனிச் சுண்டுவின் கதை. சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டில் சுண்டு தோற்றது உனக்குத் தெரியும். சுதாகரனுடைய கூட்டாளிமார் வீடியோ அனுப்பினார்கள் என்றும், ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு வெருண்டு போட்டாள் போல என்றும் நீ சொன்னாய், நானும் ம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த வீடியோவில் அவள் திரும்புகிறதுதான் தெரியும், ஏன் திரும்பினாள் என்று தெரியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்தப் பந்தயக் கிறுக்கு தம்பிராசா அண்ணைக்குத்தான் முதலில் பிடித்தது. ஒரு காலத்தில் வண்டில் சவாரிப் போட்டிக்கு மாடு பழக்கின ஆள், இப்போது மாடுமில்லை வண்டிலுமில்லை, கை சும்மா இருக்குமா. பங்குனி மாதம் ஒருநாள் வந்து கடப்படியில் நின்று, தங்கச்சி, இந்தமுறை விளையாட்டிலை குதிரை ஓட்டமும் இருக்காம், வெளியிலை சொந்தக்காரன் இல்லாமல் திரியிற குதிரையளைப் பிடிச்சு ஆர் பழக்கிறது, கஜானி ஏறித் திரிஞ்ச குதிரை உங்கடை வளவுக்குள்ளை சும்மா நிண்டு கஞ்சி குடிக்குது, என்னட்டைத் தாங்கோ, ஓட விட்டுக் காட்டுறன் என்று கேட்டார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அன்று தொடங்கினது, ஒரு மாதம் வளவு கலகலவென்று கிடந்தது. மனுசன் குதிரையைச் சவாரி மாடு என்றே நினைத்துக்கொண்டார், நல்லெண்ணெய் தேய்க்கிறார், முட்டை அடித்துப் பருக்கப் பார்க்கிறார். சுண்டு ஒரு முட்டையை அவருடைய வேட்டியிலேயே துப்பிவிட்டாள். குதிரை முட்டை குடியாது அண்ணை, எங்கடை பிள்ளை அங்கை ஓட்ஸ்தான் வைக்கிறாளாம் என்று சொன்னால், அது வெள்ளைக்காரக் குதிரை தங்கச்சி, இது எங்கடை குதிரை என்கிறார். சுதாகரன்தான் ஏறி ஓடுகிறது, சேணமுமில்லை ஒன்றுமில்லை, நீ ஏறினமாதிரி வெறும் முதுகில்தான். விடியக் கடற்கரை மணலில் ஓடிவிட்டு வேர்க்க வேர்க்க வருவார்கள், பார்க்க நாலு பேர் பின்னால் வருவார்கள், எல்லாருக்கும் நான் தேத்தண்ணீர் ஊற்றுவேன். கேத்தில் ஆற நேரமில்லாத மாதம் அது. நீ போனதற்குப் பிறகு நான் வாய் நிறையக் கதைத்த மாதமும் அதுதான்.

ஓட்டத்தன்று நான் ஊதாச் சேலை உடுத்திக்கொண்டு போனேன், நீ வாங்கி அனுப்பினது. வெளி முழுக்கச் சனம். ஆறு குதிரையோ ஏழு குதிரையோ ஓடினது, எல்லாம் எங்கள் மட்டக் குதிரைகள்தான், உன் லாயத்துக் குதிரைகளுக்குப் பக்கத்தில் நின்றால் ஆட்டுக்குட்டி என்று சொல்லுவார்கள். ஆனால் பிள்ளை, எங்கள் சுண்டு ஓடின ஓட்டத்தை நீ நேரே காணவில்லையே என்றுதான் எனக்கு இன்றைக்கும் கவலை. காதை மடித்துக்கொண்டு, புழுதி ஒரு பக்கம் அவள் ஒரு பக்கமாக, மற்றதெல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தனிய முன்னுக்கு வருகிறாள். எல்லைக் கயிறு கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. சனமெல்லாம் ஓடு ஓடு என்று கத்துகிறது, தம்பிராசா அண்ணை தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றுகிறார். நானும் கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஓடு என்கிற சொல் எனக்கு வாயில் வரவில்லை. அவளோடு நான் அந்தச் சொல்லை ஒருநாளும் பேசியதில்லையே. தாய்க் குதிரை செத்துக் கிடந்த இடத்திலிருந்து அந்தக் கோடைக்குள் நீ அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அரிசி அளக்கிற சுண்டளவுகூட இல்லையே என்று அப்பா விட்ட பகிடிதான் பெயராக நின்றது. அன்று தொட்டுக் கோழிகளோடு கோழியாகத்தான் வளர்ந்தாள். நான் கோழிக்குத் தவிடு போடக் கூப்பிட்டால் கோழிக்கு முந்தி அவள் வந்து நிற்பாள். அந்தச் சத்தம்தான் எனக்கு வந்தது. அவ்வளவு சனத்துக்கு நடுவில் பா பா பா என்று கத்திவிட்டேன்.

ஓடி வந்தவள் அப்படியே திரும்பிவிட்டாள். சுதாகரன் ஈச்சம் பற்றைக்குள், சனம் இரண்டு பக்கமும் சிதற, எல்லைக் கயிற்றை எட்டிக்கூடப் பாராமல் நேரே என்னிடம் வந்து மடிக்குள் மூக்கைவிட்டுத் தவிடு தேடுகிறாள். பின்னால் வந்த ஊர்க்குதிரை எல்லாம் கயிற்றைத் தாண்டிப் போய்விட்டது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, நானும் சேர்ந்துதான் சிரித்தேன். சுதாகரனும் முள்ளைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தான், நல்ல பிள்ளை. தம்பிராசா அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. தலைத்துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு, ஓடுற குதிரையைக் கூப்பிடக் கூடாது தங்கச்சி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதமாக எனக்கு முகம் தரவில்லை. அவர் வராவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்தானே, அந்தத் தேத்தண்ணீர்க் கூட்டமும் அதோடு முடிந்தது. ஆடிக்கூழ் காய்ச்சின அன்றைக்கும் பழக்கத்தில் பெரிய சட்டியில் காய்ச்சிப் போட்டுக் கடைசியில் ஆடுகளுக்குத்தான் ஊற்றினேன்.

இதற்கு மேல் நடந்ததை நான் உனக்குப் போனில் சொல்லவில்லை. ஓடிப் பழகின காலுக்கு வளவு காணாமல் போய்விட்டது போல. வைகாசியில் ஒருநாள் கடப்பால் வெளிக்கிட்டுப் போனவள் மேற்கு வெளியில் ஒரு குதிரைக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாள். நல்லதுதான், அவளும் குதிரைதானே என்று என்னை நானே ஆற்றிக்கொண்டேன். ஆனால் பின்னேரம் நான் கோழிக்குத் தவிடு போடக் கூப்பிட்டேன் என்றால் எங்கிருந்தாலும் பாய்ந்து வந்துவிடுவாள். வந்து தின்றுவிட்டு இரவு இங்கேயே நிற்பாள், விடியக் கூட்டத்தைத் தேடிப் போவாள். கூட்டம் அவளுக்காகக் காத்துக்கொண்டு நிற்குமா. அது தண்ணீர் இருக்கிற பக்கத்துக்கு நகர்ந்திருக்கும், பிந்திப் போகிறவளை மற்றப் பெட்டைக் குதிரைகள் கடித்துக் கலைக்கும். கழுத்தில் பல்லுப் பட்ட காயத்தோடு வருவாள், நான் மஞ்சளும் எண்ணெயும் பூசுவேன், திரும்பப் போவாள், திரும்பக் கடி வாங்கிக்கொண்டு வருவாள். ஆனி பிறக்க விலா எலும்பு எண்ணலாம் போல் ஆகிவிட்டது. என் கிணற்றில் ஊறுகிற தண்ணீர் எனக்கும் ஆட்டுக்கும்தான் காணும், அவளைக் கட்டி வைத்து வளர்க்கவும் ஏலாது.

கடைசியில் தம்பிராசா அண்ணை கோபத்தை விட்டுவிட்டு வந்தார். சுண்டுவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தங்கச்சி, இது இஞ்சையுமில்லை அங்கையுமில்லை எண்டு நிக்குது, இந்தக் கோடை முடியமுன்னம் செத்துப்போம், கூட்டத்தோடை நிண்டால்தான் தண்ணி கிடக்கிற இடம் தெரியும், நீங்கள் கூப்பிடுறதை நிப்பாட்டுங்கோ என்றார். நான் கோழியைத்தானே அண்ணை கூப்பிடுறன் என்றேன். அது எனக்குத் தெரியும், அதுக்குத் தெரியுமோ என்றார்.

அன்றிலிருந்து நான் கோழியைக் கூப்பிடுவதில்லை பிள்ளை. பால்மாத் தகரத்தில் அகப்பைக் காம்பால் தட்டுகிறேன். முதல் இரண்டு மூன்று நாள் கோழிகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன, பிறகு பழகிவிட்டன, அந்தக் கிழட்டுச் சேவலுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. பின்னேரத்தில் சுண்டு வருவாள். வந்து கடப்புக்கு வெளியே நிற்பாள், அந்த மூச்சு எனக்குத் தெரியும். நான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பேன். வெளியே வந்தால் முகத்தைக் கண்டுவிடுவாள், வாயும் சும்மா இராது. கொஞ்ச நேரம் நிற்பாள், கல்லில் காலைத் தட்டுவாள், போய்விடுவாள். பிறகு ஒன்றைவிட்ட ஒருநாள் வந்தாள், பிறகு வரவில்லை. வராத முதல் நாள் நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். இப்போது சில நாட்களில் பொழுதுபட்டால்தான் யோசித்துப் பார்ப்பேன், விடிந்ததிலிருந்து வாய் திறந்து ஒரு சொல்லும் பேசவில்லையே என்று. அந்த நேரம் உன் போன் வந்தால் குரல் கரகரத்துப் போய்த்தான் வரும். நீ தடிமனோ அம்மா என்று கேட்பாய். நான் ஓம் தடிமன்தான் என்று சொல்லுவேன். மல்லித் தண்ணீர் குடியுங்கோ என்பாய்.

போன செவ்வாய் பென்சன் எடுத்துவிட்டு வருகிற வழியில் அவளைக் கண்டேன். வெளியில் குதிரைகளுக்குத் தண்ணீர் விடுகிற தொட்டியடியில் கூட்டமாகக் குடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை, அவ்வளவு தேறிவிட்டாள். கழுத்துக் காயம் ஆறிவிட்டது, வயிறும் கொஞ்சம் நிறைந்தது போலத் தெரிந்தது, அம்மாள் அருளால் இனிக் குட்டியும் போடலாம். ஒருவரும் அவளைக் கடிக்கவில்லை, நடுவில்தான் நின்றாள். நான் பனைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். காற்றுக்கு என் மணம் போயிருக்கும் போல, தலையை நிமிர்த்திக் காதைத் தூக்கி என் பக்கம் பார்த்தாள். அவ்வளவு கிட்ட. ஒரு பா சொன்னால் போதும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து மடிக்குள் மூக்கை விட்டிருப்பாள். எனக்கு அதைவிட வேறு ஆசையே இருக்கவில்லை பிள்ளை. சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தாள். நான் வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், முடிக்கத்தான் இன்றைக்கு வெள்ளி ஆகிவிட்டது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ எந்த வரட்டே கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. போனை வைக்கக் கேட்டதென்றால் என் ஓம் சரிதான், போய்விட்டு வா. வீட்டுக்கு வரக் கேட்டதென்றால் அந்த ஓமைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன்னைக் காணாமல் எனக்கு ஏலாமல்தான் இருக்கிறது, அதை ஒளிக்க மாட்டேன், வீடு பெரிதாகப் போய்விட்டது, ஒரு சுண்டு அரிசி போட்டால் இரண்டு நாளைக்குக் கிடக்கிறது. நான் வா என்று ஒரு சொல் சொன்னால், எல்லைக் கயிறு கண்ணுக்கு முன்னால் கிடந்தாலும் நீ திரும்பி ஓடி வந்துவிடுவாய், அது எனக்கு நல்லாகத் தெரியும். ஆனபடியால் சொல்லவில்லை. முதலாளி அம்மாவுக்கு ஓம் என்று சொல்லு. அந்த இரண்டு வருடத்தையும் நின்று முடி. முடித்துவிட்டு நீயாக வா, அம்மா கூப்பிட்டு அல்ல, அம்மாவுக்குத் தடிமன் என்றும் அல்ல. சித்திரையில் அவ்வளவு சனத்துக்கு நடுவில் எனக்கு வாயில் வராத சொல்லை இன்றைக்கு எழுதித்தான் விடுகிறேன். ஓடு பிள்ளை.

அப்பாவும் நாகபூசணி அம்மாளும் உனக்குத் துணை நிற்பார்கள், விழுந்தாலும் மணலில் விழுவாய், பற்றைக்குள் விழமாட்டாய். தீர்க்காயுசோடு இரு. தலையைத் துடைத்துக்கொண்டு வெளியே போ, கடிக்கிற குதிரைக்கு முதுகைக் காட்டாதே. என்னைப் பற்றி யோசிக்காதே, கொண்ணன் இருக்கிறான், சுதாகரன் இருக்கிறான், தம்பிராசா அண்ணையும் இப்போது திரும்பத் தேத்தண்ணீருக்கு வருகிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சறோஜினிதேவி

மறந்துவிட்டேன். இனிப் போனை வைக்கும்போது வரட்டே என்று கேட்காதே. வைக்கிறன் என்று சொல்லிவிட்டு வை. நீ வரட்டே என்று கேட்கிற நேரம் என் கையில் சேலைத் தலைப்பு இருக்குமோ தெரியாது.